கடையில் ஷார்க், கடலில் சுறா: மூன்றடித் தொட்டிக்கு எது சரி?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் சுறா வளர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஹாலில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. கடையில் கேட்டதற்கு 'ஷார்க் குட்டி' என்று விரல் நீளத்தில் இரண்டு கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டன. அதில் ஒன்று, ஆள் குறுக்கே நடந்தாலே பாய்ந்து கண்ணாடியில் இடிக்கிறது; மூக்கில் வெள்ளையாகப் புண் வந்திருக்கிறது. என் அண்ணன் குமரி மாவட்டக் கடலோர ஊரான இனயத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். "நிஜ சுறாக் குட்டியே கொண்டு வாறேன், கேன்ல கடல் தண்ணியும் கொண்டு வாறேன்" என்கிறார். வீட்டுத் தொட்டிக்கு ஏற்ற சுறா எது? கடல் தண்ணீர் ஊற்றி வளர்க்கலாமா? (ஒரு வாசகி, கருங்கல்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த மூக்கைக் கவனிப்போம், மற்றதெல்லாம் அப்புறம். தொட்டியின் பின்பக்கத்திலும் இரண்டு ஓரங்களிலும் வெளியிலிருந்து கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். விளக்கை ஒரு வாரம் அணைத்தே வையுங்கள். கண்ணாடியை யாரும் தட்டக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் அந்தப் புண் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். மருந்து எதுவும் இப்போதைக்கு ஊற்ற வேண்டாம்.

அந்த மீன் எதற்காக அப்படிப் பாய்கிறது என்றால், அது சுறாவே இல்லை. கெளுத்தி இனம். பங்கேசியஸ் என்பார்கள். மகனை ஒரு டார்ச்சுடன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வாயோரத்தில் இரண்டு ஜோடிக் குட்டி மீசை தெரியும். செவுளுக்கு மேல் மூடி இருக்கும், மூச்சு விடும்போது அது திறந்து மூடும். சுறாவுக்கு மூடி கிடையாது. கத்தியால் கீறியதுபோல் பக்கத்துக்கு ஐந்து பிளவுகள். இதை உங்கள் அண்ணனிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கூட்டமாக ஆற்றில் நீந்திப் பழகிய மீனைத் தனியாகவோ இரண்டாகவோ பெட்டிக்குள் போட்டால் அதற்கு எல்லாமே பயம்தான். கண் பார்வையும் அதற்கு மந்தம். நிழல் விழுந்தால் ஓடும், ஓடினால் மூன்றடியில் சுவர்.

இதன் சொந்த ஊர் மேகாங் ஆறும் தாய்லாந்தின் சாவோ பிரயா ஆறும். முழுதாக வளர்ந்தால் நாலடிக்கு மேல், நாற்பது கிலோவைத் தொடும். ஹோட்டல்களில் முள் இல்லாத வெள்ளைத் துண்டாக 'பாசா' என்ற பெயரில் தட்டில் வருவது பெரும்பாலும் இதுதான். ஆந்திரத்தில் குளம் குளமாக வளர்க்கிறார்கள். பண்ணைக் குஞ்சுகளில் கொஞ்சத்தைக் கண்ணாடித் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்பதைக் காட்டி 'ஷார்க்' என்று விற்கிறார்கள். கடைக்காரரைத் திட்ட வேண்டாம். சென்னை கொளத்தூரிலிருந்து வரும் பையிலேயே அந்தப் பெயர்தான் இருக்கும். உலகம் முழுக்க அலங்கார மீன் வியாபாரத்தில் அதுதான் பெயர். ஆனால் இது எவ்வளவு பெரிதாகும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விற்றிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இந்த இரண்டையும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்வார்கள். முடியாவிட்டால், அனுமதியோடு பங்கேசியஸ் வளர்க்கும் பண்ணை எது என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு அங்கே கொடுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ குழித்துறை ஆற்றிலோ விட்டுவிட மட்டும் வேண்டாம். 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று ஊர்க்குளத்தில் விட்ட டேங்க் கிளீனர் மீன்கள் இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனை நீர்நிலைகளில் வலை முழுக்க முள்ளும் செதிலுமாக ஏறுகின்றன என்று உள்நாட்டு மீனவர்களைக் கேளுங்கள்.

சரி, நிஜ சுறாவுக்கு வருவோம். உங்கள் அண்ணன் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். கேலியாக இல்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் சுறா பிடிப்பதில் இந்தியா முழுக்கப் பெயர் வாங்கியவர்கள். உங்கள் கரையில் பிறந்தவருக்கு சுறாக் குட்டி கொண்டுவருவது ஒரு வேலையே இல்லை. உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை.

ஆழ்கடலில் தூண்டிலில் ஏறுகிற சுறாக்களில் பெரும்பாலானவை நின்று மூச்சு விடத் தெரியாதவை. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். தூண்டிலில் மாட்டி அசைய முடியாமல் கிடந்த சுறா, இழுக்கும்போது செத்தே வந்ததை உங்கள் அண்ணன் எத்தனையோ முறை பார்த்திருப்பார். சந்தையில் நாம் வாங்கும் பால் சுறாவும் இந்த வகையில்தான் சேரும். அதன் குட்டி பிறக்கும்போதே ஓர் அடி இருக்கும். அதை மூன்றடிப் பெட்டியில் விட்டால் இரண்டு தள்ளலில் மறு சுவர். மூலையில் திரும்பத் தெரியாமல் இடித்து இடித்து, பெரும்பாலும் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும்.

நல்ல தண்ணீரில் பழக்கிவிடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அதற்குப் பதில் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. சுறாக் கருவாட்டுக்கு ஒரு நெடி உண்டல்லவா? ஐஸ் குறைந்த சுறாவை வெட்டினால் கண்ணில் எரிகிற அந்த வாடை? அது அம்மோனியா. கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. செத்த பிறகு அந்த யூரியாதான் அம்மோனியாவாக மாறுகிறது. புட்டு செய்யும்போது மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, இரண்டு தண்ணீர் பிழிவதெல்லாம் இதனால்தான். உடம்பையே கடலுக்கென்று கட்டி வைத்திருக்கும் மீனை நல்ல தண்ணீரில் விட்டால், தண்ணீர் உள்ளே புகுந்து ஊதிச் சாகும். ஆற்றில் ஏறும் சுறாக்கள் சில உண்டு. அவையெல்லாம் ஆள் நீளம்; நம் பேச்சுக்கு ஆகாது.

வீட்டில் வளர்க்க முடிகிற நிஜ சுறா என்று உலகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது மூங்கில் சுறா வகைகளைத்தான். இவை கடலடியில் படுத்துக் கிடப்பவை. படுத்தபடியே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே விடத் தெரிந்தவை. பகலில் கல்லுக்கடியில் தூங்கும், இரவில் இறாலும் நண்டும் தேடும். சாம்பல் நிற மூங்கில் சுறா நம் கடலிலேயே உண்டு, இரண்டரை அடி வரை வளரும். பழுப்புப் பட்டை போட்டது மூன்றடியைத் தாண்டும். முட்டையிடும் இனம். முட்டை என்றால் கோழி முட்டை மாதிரி இல்லை. பழுப்பு நிறத்தில் தோல் பர்ஸ் போல, ஓரத்தில் நார் தொங்கும். டார்ச்சைப் பின்னால் பிடித்தால் உள்ளே மஞ்சள் கருவும், அதன்மேல் நூல் கனத்தில் நெளிகிற குட்டியும் நிழலாகத் தெரியும். நான்கைந்து மாதத்தில் அரையடிக்குச் சற்றுக் குறைவான, வரிவரியான குட்டி வெளியே வரும். அந்த அழகைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். மூன்றடி மீன் திரும்ப வேண்டும் என்றால் தொட்டியின் அகலமே நாலடி வேண்டும். எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்தால் சுமார் 2,200 லிட்டர். தண்ணீரே இரண்டேகால் டன். கண்ணாடியும் இரும்பு ஸ்டாண்டும் கல்லும் தனி. மாடி ஹாலில் வைப்பதானால் என்னிடம் கேட்பதற்கு முன் பொறியாளரைக் கேட்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பு போட்டால் முதல் நிரப்புக்கே 77 கிலோ. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் வாரா வாரம் எட்டு கிலோ உப்பு.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, உப்பு எதற்கு என்று கேட்பீர்கள். கடல் தண்ணீர் எடுக்கலாம், ஆனால் கரையில் கேனை முக்கி எடுப்பதல்ல. துறைமுகத்துக்குள் டீசல் மிதக்கும். ஆற்று முகத்தில் மழைக்காலத்தில் உப்பு பாதியாகக் குறையும். ஆனி ஆடியில் கடல் கலங்கிச் சேறாக இருக்கும். படகில் வெகுதூரம் போய் எடுத்து, வடிகட்டி, இருட்டில் சில நாள் வைத்து, உப்பு அளவு பார்த்து ஊற்ற வேண்டும். வாரம் 220 லிட்டர். உங்கள் அண்ணன் முதல் மாதம் கொண்டு வருவார். அடுத்த மாதம் போனை எடுக்க மாட்டார்.

பணமும் இடமும் இருந்தும் கெட்டுப்போன கதை ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தங்கும் விடுதிக்காரர், வரவேற்பறையில் வைத்திருந்த ஆறடித் தொட்டியைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். உள்ளே இரண்டடி மூங்கில் சுறா ஒன்று வெள்ளை வயிறு மேலே தெரியக் கிடந்தது. கூட இருந்த வண்ண மீன்களுக்கு வெண்புள்ளி நோய் என்று யாரோ சொல்ல, வேலைக்காரப் பையன் முந்தின நாள் சாயங்காலம் ஒரு நீல மருந்தை ஊற்றியிருக்கிறான். செம்பு கலந்த மருந்து. மற்ற மீன் தாங்கும் அளவுச் செம்பைச் சுறா தாங்காது. பாட்டிலில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. பையன் அழுதுகொண்டு நின்றான். அவனை என்ன சொல்ல?

சட்டமும் இருக்கிறது. திமிங்கலச் சுறாவும் ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீனும் 2001லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்குப் போய்விட்டன. 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிறகு அந்தப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கிறது. பால் சுறா சேர்ந்த குடும்பம் முழுவதையும் 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தம்) மாநாடு தன் வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வலையில் ஏறிய எந்தக் குட்டி எந்த இனம் என்று வீட்டு ஹாலில் நின்று தீர்மானிக்க முடியாது. வனத்துறையிடம் கேட்காமல் கடல் சுறா எதையும் உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத இனமாகவே இருந்தாலும், உங்கள் வீட்டுக்கு என் பதில் 'வேண்டாம்'தான்.

அப்படியானால் மகனுக்கு என்ன சொல்வது? பெயரில் ஷார்க் இருக்கும், தொட்டிக்கும் பொருந்தும் மீன்கள் சில உண்டு. எல்லாமே கெண்டைக் குடும்பம். அதிலும் பார்த்து எடுக்க வேண்டும்.

பாலா ஷார்க் என்று வெள்ளி உடம்பும் கறுப்பு ஓரமிட்ட துடுப்புமாகக் கடையில் மூன்று விரல் நீளத்தில் நிற்கும். பார்த்தால் நிஜ சுறாவின் சாயல் இதற்குத்தான் அதிகம். ஓர் அடிக்கு மேல் வளரும், ஐந்தாறு பேராகக் கூட்டம் வேண்டும், ஆறடித் தொட்டி வேண்டும், துள்ளிக் குதிக்கும். வேண்டாம். ரோஸ்லைன் ஷார்க் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது வேறு யாருமில்லை, கேரளத்து மலையாறுகளின் 'மிஸ் கேரளா'. பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடும் அழகி. ஆற்றில் பிடித்துப் பிடித்தே அருகிப்போன மீன், குளிர்ந்த ஓடும் தண்ணீர் கேட்கும். இதையும் விட்டுவிடுங்கள்.

நான் சொல்வது செவ்வால் கருஞ்சுறா. கடையில் 'ரெட் டெயில் ஷார்க்' என்று கேளுங்கள். மை போன்ற கறுப்பு உடம்பு, வாலில் மட்டும் செங்கல் சிவப்பு. ஐந்தாறு அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். தாய்லாந்து மீன். 1996இல் காட்டில் அழிந்துவிட்டதாகவே பட்டியலிட்டார்கள். 2011இல் சாவோ பிரயா ஆற்றுப் படுகையில் மறுபடி கண்ணில் பட்டது. கடையில் வருவதெல்லாம் பண்ணையில் பொரித்தவை, அதனால் வாங்குவதில் ஆற்றுக்கு நஷ்டமில்லை. சுறா வெறி பிடித்த பையனுக்கு இந்தக் கதையே ஒரு வாரத்துக்குப் போதும். இது கிடைக்காவிட்டால் 'ரெயின்போ ஷார்க்'. துடுப்பெல்லாம் சிவப்பு, குணம் கிட்டத்தட்ட அதேதான்.

குணம் என்றேனே, அதுதான் விஷயம். நிஜத்தில் சுறா இல்லையே தவிர, நடத்தையில் இது பெரிய தாதா. ஒரு கல்லையோ கட்டையையோ தன் வீடு என்று பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவனை எல்லாம் விரட்டும். தன் இனத்தையே கண்டால் ஆகாது. அதனால் ஒன்றே ஒன்று. 'ஜோடியாக வளரட்டும்' என்று கடைக்காரர் சொன்னாலும் ஒன்று. ரெட் டெயிலும் ரெயின்போவும் சேர்ந்தும் கூடாது.

உங்கள் தொட்டி சுமார் 190 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 160 நிற்கும். இந்த ஒரு மீனுக்கு அது குறைந்தபட்சத்துக்கும் கொஞ்சம் கீழேதான், ஒளிக்காமல் சொல்கிறேன். நாலடியாக மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் கூட்டாளிகளைக் குறைத்து வையுங்கள்: தண்ணீரின் நடுவிலும் மேலும் வேகமாக ஓடுகிற டைகர் பார்ப் ஏழெட்டு, அல்லது ஜீப்ரா டேனியோ ஒரு பத்து. அடியில் மேய்கிற மீன் எதுவும் வேண்டாம். கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் போன்று மெதுவாக அசைந்து நீந்துபவையும் வேண்டாம்.

பங்கேசியஸ் போனபின் தொட்டியைக் கழுவிக் காயவைக்க வேண்டாம், பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசவும் வேண்டாம். மூன்று மாதமாக அந்தப் பஞ்சில் குடியேறியிருக்கும் பாக்டீரியாதான் மீனின் கழிவு அம்மோனியாவைத் தின்று தண்ணீரை நஞ்சாகாமல் வைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்கினால் அது உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து மாட்டுங்கள். பழைய மீன் போன ஓரிரு நாளில் புது மீன் வந்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துக் காற்று விடுங்கள், அல்லது கடையில் ஆன்டி குளோரின் வாங்கி ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது, ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் தொடாதீர்கள்.

அடியில் போட மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலை அள்ளி வர வேண்டாம். அதில் இல்மனைட், கார்னெட், மோனசைட் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்திருக்கும். சிப்பித் தூளும் சேர்ந்து தண்ணீரைக் கடினமாக்கும். காந்தத்தால் ஒட்டுகிற கண்ணாடித் துடைப்பான் வைத்திருந்தால் அந்தக் கருமணல் அதில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முழுக்கக் கோடு இழுத்துவிடும். கூர்மையில்லாத சின்னக் கூழாங்கல் போதும். உடைந்த மண் சட்டி ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, குகை மாதிரி வையுங்கள். அதுதான் அதன் அரண்மனை.

குதிக்கும் மீன், மூடி கட்டாயம். ஆனால் சித்திரை வெயிலில் நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டும். இதற்கு 24 முதல் 27 வரை இருந்தால் சுகம். அதனால் கண்ணாடி மூடிக்குப் பதில் கொசுவலைச் சட்டம் போடுங்கள், மேலே சின்ன ஃபேன் ஓடட்டும். ஹீட்டர் விற்கப் பார்ப்பார்கள், நமக்குத் தேவையில்லை. சாப்பாடு, அடியில் மூழ்கும் பெல்லட். வாரம் இரண்டு நாள் வெந்நீரில் முக்கி எடுத்த கீரை அல்லது வெள்ளரித் துண்டு. எப்போதாவது உறைய வைத்த ரத்தப்புழு.

ஒரு செலவை மட்டும் தட்டிக் கழிக்க வேண்டாம்: பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த அன்று போன கரண்ட் எங்கள் தெருவுக்கு எத்தனையோ நாள் கழித்துத்தான் வந்தது. என்னிடம் அப்போது ஐந்து தொட்டிகள். குவளையால் மொண்டு மேலிருந்து ஊற்றி ஊற்றிக் காற்று கலந்து பார்த்தேன். மூன்றாம் நாள் எல்லாம் மிதந்தன. கடலுக்குப் போனவர்களை உங்கள் கரை முழுக்கத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மீன் செத்ததை யாரிடமும் சொல்லக்கூட வாய் வரவில்லை. இருந்தாலும் அடுத்த மாதமே அந்தப் பம்பை வாங்கி வைத்தேன்.

மகனுக்கு நிஜக் கடல் மீன்களைக் காட்ட ஆசையிருந்தால் விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சிக்கூடம் இருக்கிறது. கருங்கலிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள். அண்ணன் ஏதாவது கொண்டு வந்தே தீருவேன் என்றால், வலையில் ஏறும் பழைய காலி முட்டைக்கூடு ஒன்றைக் கொண்டு வரச் சொல்லுங்கள். குட்டி வெளியேறிய பிறகு கிடைக்கும் வெறும் கூடு. அதைக் கையில் பிடித்தால் அந்தப் பையன் அப்புறம் மாமாவை விடவே மாட்டான்.

மூக்குப் புண் பத்து நாளில் ஆறாவிட்டாலோ, பஞ்சு மாதிரி வெள்ளை நூல் படர்ந்தாலோ எழுதுங்கள். எழுதும்போது தண்ணீரின் அம்மோனியா அளவையும் சேர்த்து எழுதுங்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட் கடையில் கிடைக்கும். நிறத்தைப் பார்த்து எண்ணைச் சொல்கிற வேலையை மகனிடமே விடலாம்.